குளிர்காலத்தில் ஸ்கைடைவிங் கற்கிறீர்களா? விரல்களைக் கவனியுங்கள்

போன குளிர்காலத்தில் நடந்தது. விமானம் ஏறுவதற்கு முன் கடைசிச் சோதனைக்காக ஒரு மாணவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன். குளிருக்குப் பயந்து ஜம்ப்சூட்டுக்கு மேலே தளர்வான ஜாக்கெட் ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் பாராசூட் பையை மாட்டியிருந்தார். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு பைக்கு அடியில் ஒரு சாண் தொங்கியது. நிற்கும்போது அது குறையாகவே தெரியாது. வயிறு கீழே பார்க்க விழும்போது காற்று அந்த விளிம்பைப் புரட்டி முதுகில் போடும். பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடி இருப்பதும் அங்கேதான், பையின் அடியில் வலது ஓரத்தில். தேடும் கைக்கு அகப்படுவது துணியாகத்தான் இருக்கும். ஜாக்கெட்டை ஜம்ப்சூட்டுக்கு உள்ளே போட்டு வாருங்கள், அடுத்த விமானத்தில் போகலாம் என்று திருப்பி அனுப்பினேன்.

பயிற்றுநராக எனக்குக் குளிர்காலத்தில் இருக்கும் கவலை இதுதான். நடுக்கத்தை யாரும் தாங்கிக்கொள்வார்கள். குளிருக்காக நாம் சேர்த்துக்கொள்ளும் துணிகளும், குளிரில் மரத்துப்போகும் விரல்களும் நமக்கும் கைப்பிடிக்கும் நடுவே வந்துவிடக் கூடாது.

மேலே எவ்வளவு குளிரும் என்பதைப் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. 1,000 அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். தரையில் 5 டிகிரி என்றால் 13,000 அடியில் ஏறத்தாழ மைனஸ் 20. அந்தக் காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில், பாராசூட்டைத் திறக்க வேண்டிய 5,500 அடி வரும்வரை முக்கால் நிமிடம் விழப் போகிறீர்கள். தரையில் வெயில் பளிச்சென்று அடிக்கிறதே என்று கையுறை இல்லாமல் வந்து நிற்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். குதிக்கும் உயரத்தில் வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் கையுறை அவசியம் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏவின் அறிவுரை.

சரி, எந்தக் கையுறை? பனிச்சறுக்குக்குப் போடும் பருத்த கையுறை கதகதப்பாக இருக்கும், ஆனால் விரலுக்கு எது தட்டுப்பட்டது என்றே தெரியாது. மிக இறுக்கமானதும் வேண்டாம், ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலைச் சீக்கிரம் மரக்க வைத்துவிடும். என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. பாராசூட் மடிக்கும் இடத்தில் எப்போதும் ரப்பர் பேண்டுகள் சிதறிக் கிடக்கும். கையுறையோடு தரையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுங்கள் என்பேன். எடுக்க முடிந்தால் அந்தக் கையுறை சரி. அப்புறம் பயிற்சிக்காகத் தொங்கவிட்டிருக்கும் ஹார்னஸில் (உடம்பைத் தாங்கும் பட்டைகளில்) உட்கார வைத்து, அதே கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று கைப்பிடிகளையும் தேடச் சொல்வேன். திறக்கும் கைப்பிடி, பழுதான பாராசூட்டைக் கழற்றிவிட வலது மார்பில் மெத்தென்று இருக்கும் சிவப்புக் கைப்பிடி, ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டுக்கு இடது மார்பில் உள்ள கைப்பிடி. வெறுங்கையால் நூறு தடவை பழகியவர்கூட முதல் தடவை கையுறையோடு தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடுமாற்றம் தரையிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

எல்லோரும் பயப்படுவது விழும் அந்த முக்கால் நிமிடத்தைப் பற்றித்தான். அப்போது உடம்பு முழுக்கப் பரபரப்பு, குளிர் உறைப்பதே இல்லை. விரல் வலி ஆரம்பிப்பது பாராசூட் விரிந்த பிறகு. ஐந்து நிமிடம்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பாராசூட்டைத் திசைதிருப்பும் டாகிள்கள் என்ற பிடிகளைப் பிடித்திருக்க வேண்டும். தூக்கிய கைக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும், அதன் மேல் குளிர்காற்று வேறு. தரையிறங்கும் கடைசி நொடிகளில் டாகிள்களை முழுதாகக் கீழே இழுக்க வேண்டிய நேரத்தில் பிடி தளர்ந்திருந்தால் ஆபத்து. அதனால் டாகிளை விடாமலேயே விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, அனுபவசாலிகள்கூட மறந்துவிடுவது. கையில் கட்டியிருக்கும் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைச் சொல்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் கருவி காட்டுவதைவிட உண்மையான உயரம் குறைவாகவே இருக்கும். 15 டிகிரியைக் கடல்மட்டத்தின் நிலையான வெப்பநிலையாக வைத்துத்தான் அளவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. காற்று அந்தக் கணக்கைவிட 10 டிகிரி குளிர்ந்தால் உயரம் ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். தரையில் 0 டிகிரி இருக்கும் நாளில் முள் 5,500 அடி காட்டும்போது தரை சுமார் 5,200 அடி தூரத்தில்தான் இருக்கிறது. தரையில் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தாலும் இந்த வித்தியாசம் மேலே வரத்தான் செய்யும். 300 அடி என்பது விழும் வேகத்தில் இரண்டு நொடிக்கும் குறைவு. இது பெரிய ஆபத்து இல்லைதான், ஆனாலும் திறக்க வேண்டிய உயரத்தைத் தாண்டி ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள்.

முகக் கண்ணாடியில் மூச்சுப் படிந்து பனி மூடும். விமானம் மேலே ஏறும்போது அதைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு, குதிக்கும் முன் இறக்குங்கள். கழுத்துக்கு உடம்போடு ஒட்டிய துணி போதும், மஃப்ளர் கூடவே கூடாது. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சிவைத்து மேலே போனதும் உறைய வைக்கும். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் பிரச்சினையோ ஆஸ்துமாவோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலத்தில் மேகமும் காற்றும் நாள்கணக்கில் காக்க வைக்கும். மாணவர்களுக்குத் தரைக்காற்றின் வரம்பாக யுஎஸ்பிஏ வைத்திருப்பது மணிக்கு 14 மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இப்படி இடைவெளி 30 நாளைத் தாண்டிவிட்டால் வெட்கப்படாமல் பயிற்றுநரிடம் சொல்லி, அவசரகாலப் பயிற்சியை மறுபடி செய்துவிட்டு அவர் கண்காணிப்பில் குதியுங்கள்.

கதவு திறப்பதற்கு முன் என் மாணவர்களிடம் ஒன்று கேட்பேன். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். சுண்டுவிரலை எட்ட முடியவில்லை என்றால் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி இன்னொரு தடவை முயலச் சொல்வேன். அப்போதும் முடியவில்லை என்றால் அன்றைக்கு இருவரும் விமானத்திலேயே இறங்கிவிடுவோம்.