எடையின்மையா, ஈர்ப்பின்மையா?

"ஐயா, விண்வெளியில ஈர்ப்பே இல்லைன்னா நிலா எப்படி நம்மளையே சுத்திக்கிட்டு இருக்கு?"

காரைக்குடியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த பேத்தி, முகப்பில் பையை இறக்கி வைப்பதற்குள் கேட்டுவிட்டாள். அங்கே விண்வெளி வீரர் மிதக்கும் படத்துக்குக் கீழே 'பூஜ்ஜிய ஈர்ப்பு விசை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்களாம். 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த நாட்களில் தொலைக்காட்சியிலும் இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரில், பிள்ளைகளுக்குப் பிழையான சொல்லைக் கொடுக்கிறோமே என்று மனம் ஆறவில்லை.

அந்த நிலைக்கு உரிய தமிழ்ச்சொல் எடையின்மை. கொடு என்பதிலிருந்து கொடை வந்ததுபோல எடு என்பதிலிருந்து எடை வந்தது. ஈர்ப்பு, ஈர் என்ற வினையில் பிறந்தது. ஈர்த்தல் என்றால் இழுத்தல். சொற்பிறப்பு இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'கிராவிட்டி', கனத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அங்கே கனமும் இழுப்பும் ஒரே வேரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழில் அப்படியில்லை. பூமி இழுப்பது ஈர்ப்பு. தூக்குகிற கையும் நிற்கிற காலும் உணர்வது எடை. நம் மொழி தானாகவே பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடியும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு. இதை எப்படிப் 'பூஜ்ஜிய ஈர்ப்பு' என்பது? 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நிலாவையே பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பு, 400 கிலோமீட்டரில் காணாமல் போகுமா? பேத்தி கேட்டதும் இதுதான். ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேர்கோட்டில் போய்விடும்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? பேத்தியை மாடிக்குக் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் அடியை ஒட்டி ஓர் ஓட்டை போட்டுத் தண்ணீரை நிரப்பினோம். கையில் பிடித்திருந்தபோது பீய்ச்சியது. மூடியைக் கழற்றி வைத்தபடியே, வீட்டு நடுவே இருக்கும் வளவு வாசலுக்குள் கீழே விட்டேன். விழும்போது ஒரு சொட்டும் வெளியே வரவில்லை! பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுவதால் தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை. நிலையமும் அப்படித்தான், உள்ளே இருப்பவர்களோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறது. விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடுவதால், விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. அதனால் தரையைத் தொடுவதே இல்லை. எடை மெஷினும் கூடவே விழும்போது அதன்மேல் ஏறி நின்றால் முள் அசையுமா?

பாடப்புத்தகத்தில் 'எடை என்பது ஒரு பொருளின்மீது செயல்படும் ஈர்ப்பு விசை' என்றுதானே இருக்கிறது, அந்தக் கணக்கில் வீரருக்கும் எடை உண்டே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அது கணக்குக்காக வகுத்த இலக்கணம். எடு என்ற வேரோ எடுப்பவர் உணர்வதைச் சொல்கிறது. அங்கே தூக்குவதற்குச் சுமையே இல்லை, அதனால் எடையின்மை வேரோடு பொருந்துகிறது. ஈர்ப்பின்மைக்கு இப்படி ஒரு நியாயமும் சொல்ல முடியாது.

பூஜ்ஜியம் என்ற சொல்லுக்கு வடமொழியில் வணக்கத்துக்குரியது என்று பொருள். நமக்குச் சுழி இருக்கிறது, சுழியம் இருக்கிறது. ஆனால் இங்கே சுழியமும் உதவாது. பிழை எண்ணில் இல்லை, ஈர்ப்பு என்பதில் இருக்கிறது. வடமொழியை நீக்கிச் 'சுழிய ஈர்ப்பு' என்று எழுதிவிட்டுத் தூய தமிழ் என்று நிறைவு கொள்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம் கூடுகிறது. பொய்யைத் தூய தமிழில் சொன்னாலும் பொய்தான்.

'நுண்ணீர்ப்பு' இன்னும் நயமாக ஏமாற்றுகிறது. மைக்ரோவுக்கு நுண், கிராவிட்டிக்கு ஈர்ப்பு என்று இரண்டு துண்டாக மொழிபெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நுண்ணியதாக இருப்பது ஈர்ப்பு அல்ல; பொருள்கள் உணரும் மிச்ச முடுக்கம், அதாவது சிறு வேக மாற்றம்தான். பெயர்க்க வேண்டிய பொருளைப் பார்க்காமல் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்ததன் விளைவு இது. 'மிதப்பு நிலை' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பேச்சில் நானும் மிதக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஊருணியில் மிதப்பவரைத் தண்ணீர் தாங்குகிறது. அங்கே வீரரைத் தாங்க ஒன்றும் இல்லை.

ஒரு வார இதழில் 'எடை இழப்பு' என்றே போட்டிருந்தார்கள். படிப்பவர்கள் விண்வெளிக்குப் போனால் உடம்பு இளைக்கும் என்றல்லவா நினைப்பார்கள்? அங்கே தேய்வது எலும்பும் தசையும். கால், இடுப்பு எலும்புகள் உடலைத் தாங்கும் வேலையை இழந்து, மாதத்துக்கு ஒரு விழுக்காடு அளவுக்கு அடர்த்தி குறைகின்றன. அதற்காகத்தான் வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

எழுதுகிறவர்கள் நிலையைக் குறிக்க எடையின்மை என்றும், பெயருக்கு முன்னால் வரும்போது எடையற்ற என்றும் எழுதட்டும். பேத்தி தன் நோட்டில் 'பூஜ்ஜிய ஈர்ப்பு' என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்திவிட்டாள். கண்காட்சி அட்டையைத் திருத்தச் சொல்லி அந்தப் பள்ளிக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.