பத்தியம் பிடித்த முழங்கால்

மண்டூரிலிருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் அந்த அம்மா. (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 62, முழங்கால் தேய்மானம். கதிரையிலிருந்து எழும்பச் சொன்னேன். இரண்டு கையையும் ஊன்றி எழும்பப் பார்த்து, முடியாமல் இருந்து, இரண்டாம் தரம்தான் எழும்பினார். டேப்பை எடுத்துத் தொடையை அளந்தேன். நோவுள்ள வலது தொடை மற்றதைவிட 3 சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

“மீன், முட்டை ஒண்டும் தொடுறல்ல மனே. வாதம் கூடுமாம்.”

கத்தரிக்காயை விட்டும் ஒரு வருடமாம். காலையில் பாண், மத்தியானம் சோறும் சொதியும், இரவில் புட்டு. இடையில் நாலு பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. பத்தியம் சீனிப் போத்தல் பக்கம் மட்டும் போகவே இல்லை!

பிசியோதெரபி செய்கிற எனக்கு மட்டக்களப்பில் இதுதான் பெரிய தலையிடி. நடக்கும்போது முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசை. நோவால் நடை குறைந்தால் அது மெலியும்; புரதமும் குறைந்தால் இன்னும் கெதியாக மெலியும். நான் என்ன பயிற்சி கொடுத்தாலும், தசை கட்டுவதற்கான சாமான் சாப்பாட்டில்தானே வரவேண்டும்? வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையென்றால் 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். பாணையும் சோற்றையும் வைத்து அந்தக் கணக்கை எட்டுவது கஷ்டம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

சீனிக்கும் கணக்கு இருக்கிறது. 12 கரண்டி என்றால் 50 கிராம் அளவு. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. சீனி கூடினால் எடையும் கூடும்; உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும்.

பத்தியம் எல்லாமே பிழை என்று சொல்ல வரவில்லை. இரவோடு இரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் அது யூரிக் அமிலத்தால் வரும் கௌட் ஆக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் அது உறுதியானால் இறால், நெத்தலி, ஈரல், பியர், இனிப்புச் சோடா எல்லாவற்றையும் குறைக்கத்தான் வேண்டும். வாவி இறாலை விடச் சொன்னால் முகம் சுருங்கும், தெரியும். மாறாக, கைவிரல் மூட்டுகள் வீங்கி, விடிய எழும்பி அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்து நின்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சாளை போன்ற எண்ணெய் மீன்கள் கொஞ்சம் உதவும். ஆனால் மீன் சாப்பிடுகிறோமே என்று கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது கொஞ்சம்தான்: காலையில் முட்டை, மத்தியானம் மீன், இரவில் புட்டோடு பருப்பு, பிளேன்டீக்கு ஒரு கரண்டி சீனி, கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சி. மூன்று மாதம் கழித்து வந்தபோது கை ஊன்றாமல் எழும்பினார். படி இறங்கும்போது நோ இன்னும் இருக்கிறதாம். கத்தரிக்காய் மூட்டு நோவைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். அதை மட்டும் இன்னும் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.