பல்பயன் தடம்: ‘ட்ரெயில்’ என்பதற்குத் தமிழில் எது சரியான சொல்?

மோட்டார் வண்டிகள் நுழையாத, சாலையிலிருந்து விலகித் தனக்கென நிலம் கொண்ட, பலவகைப் பயணிகள் பகிர்ந்துகொள்ளும் பொதுப்பாதையை ஆங்கிலத்தில் ‘மல்டி-யூஸ் ட்ரெயில்’ என்கிறார்கள். நடப்பவர், ஓடுபவர், மிதிவண்டிக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவருபவர் எல்லாரும் அதில் வருவார்கள். சில நாடுகளில் குதிரையேறிகளும் உண்டு. இதைத் தமிழில் எழுத நேரும்போது பெரும்பாலோர் யோசிக்காமல் ‘நடைபாதை’ என்று போட்டுவிடுகிறார்கள். அது பிழை. சொல்லில் தொடங்கும் இந்தப் பிழை கட்டப்படும் பாதையின் அகலம் வரைக்கும் போய்ச் சேர்கிறது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. இழுத்தல் என்று பொருள்படும் ‘த்ராஹெரே’ என்ற லத்தீன் வினையோடு இதை இணைக்கிறார்கள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தரையில் இழுபட்டுச் செல்வதையே இது குறித்தது. நீண்ட அங்கியின் பின்னால் புரளும் துணிக்கும் இதே பெயர்தான். பிறகு விலங்கு விட்டுச்சென்ற அடையாளமும் மோப்பமும் ‘ட்ரெயில்’ ஆயின. காட்டுவெளியில் கால்கள் உண்டாக்கிய பாதை என்ற பொருள் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. வண்டியின் பின்னால் இழுபட்டு வரும் ‘ட்ரெய்லர்’ இதே குடும்பம். திரைப்பட முன்னோட்டமும் தொடக்கத்தில் படம் முடிந்தபின் காட்டப்பட்டதால் அப்பெயர் பெற்றது.

ஆக, யாரோ கடந்துபோனதால் உண்டான சுவடு என்பதே இச்சொல்லின் உள்ளீடு. திட்டமிட்டு அமைக்கும் பாதைக்கு அது பெயரானது பின்னால் நிகழ்ந்தது. 1921-இல் வனவியலாளர் பென்டன் மெக்காய் முன்மொழிந்து 1937-இல் முழுமையடைந்த, கிழக்கு அமெரிக்க மலைத்தொடர் நெடுகச் செல்லும் அப்பலாச்சியன் ட்ரெயில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. ஆனால் அது நடப்பவர்களுக்கானது. பலரும் பகிரும் தடம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவை கைவிடப்பட்ட ரயில் பாதைகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா தடம் 1960-களில் அப்படி உருவானது. ஏறத்தாழ 32 மைல் நீளம், வழியில் மூன்று சுரங்கப்பாதைகள். ரயில் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் மண்மேடு மிக மென்மையான சரிவோடு கிடக்கிறது. முதியவருக்கும் சக்கர நாற்காலிக்கும் அது ஏற்ற வழியாகிவிட்டது. 1968-இல் அமெரிக்கா தேசியத் தடங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பிரிட்டனும் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிகளை அனுமதித்தது. நடப்பவருக்கும் குதிரையேறிக்கும் மிதிவண்டிக்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பகிர்தலுக்கான இந்த ஒழுங்கு இன்றும் உலகின் பல தடங்களில் அறிவிப்புப் பலகையாக நிற்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். வழியைக் குறிக்கும் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆறு என்பது நீரோடும் வழி. மனிதர் செல்லும் வழிக்கும் பழந்தமிழில் அதே சொல்தான். நெறி, இயவு, அதர், சுரம் என்று சங்கப் பாடல்கள் வழியின் தன்மைக்கேற்பப் பெயர் மாற்றிக்கொண்டே போகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வணிகச் சாத்துகள் சென்ற நெடுஞ்சாலை ‘பெருவழி’. ஒருவர் பின் ஒருவராகச் சென்று உண்டானது ஒற்றையடிப் பாதை. இவற்றில் ‘ட்ரெயில்’ என்பதன் பழைய பொருளுக்கு நெருக்கமாக நிற்பது ஒற்றையடிப் பாதை. ஆனால் பலர் எதிரும் புதிருமாகச் செல்லும் அகலமான பாதையை ஒற்றையடி என்று சொல்ல முடியாது.

தடம் என்ற சொல்லில் அந்தத் தடை இல்லை. கால்தடம் என்னும்போது சுவடு. வழித்தடம் என்னும்போது பாதை. ரயில் ‘தடம் புரண்டது’ என்னும்போது தண்டவாளம். தடகளம் என்னும்போது ஓட்டப் பாதை. பழைய நிலப் பத்திரங்களில் ‘தட பாத்தியம்’ என்றால் அடுத்தவர் நிலத்தின் வழியே சென்றுவரும் உரிமை. சுவடு, பாதை, செல்லும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. எப்படிச் செல்கிறார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. நடந்தாலும் சக்கரத்தில் உருண்டாலும் தடம் தடமே. பொதுத் தடம் அமைப்பவர்களின் முதல் தலைவலியும் நிலமும் செல்லுரிமையும்தான். தடம் பல உடைமையாளர்களின் நிலத்தைத் தொட்டுச் செல்லும். ஒருவர் மறுத்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். அந்த உரிமையின் வாசனை ஏற்கெனவே ஏறியிருக்கும் சொல் வேறு எங்கே கிடைக்கும்?

‘நடைபாதை’ ஏன் கெடுதல் செய்கிறது? அந்தச் சொல்லைப் படிக்கும் ஒப்பந்ததாரரின் கண்ணில் தெரிவது சாலையோரத்தில் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் மேடை. படிக்கட்டு வைத்தாலும் அவருக்கு அது நடைபாதையே. பலரும் பகிரும் தடத்தின் கணக்கோ வேறு. இருதிசையிலும் ஆட்கள் வரும் தடத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 10 அடி, அதாவது 3 மீட்டர் அகலம் வேண்டும் என்பது அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் வழிகாட்டி. அதன் இருபுறமும் 2 அடி சமதள ஓரம் வேண்டும். நீளவாட்டுச் சரிவு 5 சதவீதத்துக்குள், குறுக்குச் சரிவு 2 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சக்கர நாற்காலி தன் பலத்தில் செல்ல முடியும். திருப்பங்களில் எதிரே வருபவரைத் தொலைவிலேயே பார்க்கும்படி பார்வைவெளி வேண்டும். சாலையைக் குறுக்கிடும் இடங்களே மிக ஆபத்தானவை. வரைபடத்தில் அவற்றுக்குத்தான் முதலில் நேரம் செலவிட வேண்டும்.

மண் தடமென்றால் பெரும் எதிரி தண்ணீர். மலைச்சரிவில் நேர்கீழாக வெட்டிய தடம் ஒரு மழையில் ஓடையாகிவிடும். தடத்தின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது தடம் அமைப்போர் கைக்கொள்ளும் விதி. மலை 16 சதவீதம் சரிந்தால் தடம் 8 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. நீர் தேங்காமல் பக்கவாட்டில் வழிய, தடத்தின் வெளிப்புறத்தை 5 சதவீதம் சாய்ப்பார்கள். இங்கேதான் சிக்கல்: நீருக்கு ஏற்ற அந்தச் சாய்வு சக்கர நாற்காலிக்கு ஏற்றதல்ல. யாருக்கெல்லாம் இந்தத் தடம் என்பதை மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மேற்பரப்பும் அதைப் பொறுத்ததே. தாரும் கான்கிரீட்டும் சக்கரங்களுக்கு இதம். ஓடுபவரின் முட்டிக்கும் குதிரைக் குளம்புக்கும் மண்ணே நல்லது. இறுகத் திமிசு போட்ட பொடிக்கல் இரண்டுக்கும் நடுவே நிற்கும். ஆனால் மழைக்குப்பின் பராமரிப்பு கேட்கும்.

அடைமொழியில் ஒரு தேர்வு இருக்கிறது. ‘பல்நோக்கு’ பரவலாகப் புழங்குகிறது. அது கட்டுபவரின் நோக்கத்தைச் சொல்கிறது. வருபவரின் பயன்பாட்டைச் சொல்ல ‘பல்பயன்’ மேல். பல்பொருள் அங்காடி என்று பழகிய காதுக்கு உறுத்தாது. திட்ட அறிக்கைக்கும் ஒப்பந்தப் பத்திரத்துக்கும் ‘பல்பயன் தடம்’ என்பது என் பரிந்துரை. வழிகாட்டிப் பலகைக்கு இன்னும் சிறிதாக, ‘பொதுத்தடம்’. ‘கிரீன்வே’ என்பதற்கு இதையே போடக் கூடாது; மரம் செடிகளோடு கூடிய முழு நிலப்பட்டையைக் குறிக்கும் அது ‘பசுமைவழி’. அதனுள் ஓடுவது தடம்.

துணைச்சொற்களும் தேவைப்படும். தடம் தொடங்குமிடத்தில் வண்டி நிறுத்தம், குடிநீர், வரைபடப் பலகை எல்லாம் இருக்கும். ‘ட்ரெயில்ஹெட்’ எனப்படும் அந்த இடத்தை, ‘துறைமுகம்’ என்ற சொல்லைப் போல, ‘தடமுகம்’ எனலாம். ‘தடத்தலை’ வேண்டாம், அது ஆங்கிலத்தின் நிழல். தடத்துக்கென ஒதுக்கிய மொத்த நிலம் ‘தடவெளி’, அதில் காலும் சக்கரமும் படும் பகுதி ‘தடப்பரப்பு’. இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக அளவிட்டு எழுத வேண்டும். 3 மீட்டர் என்பது தடப்பரப்பின் அகலம், தடவெளியின் அகலம் அல்ல.