டியூன், ரீமாப், வொரன்டி: சொல் விளக்கம்

திருகோணமலையில் எந்தக் கராஜுக்குப் போனாலும் ‘டியூன்’ என்ற சொல் காதில் விழும். பழைய மொரிஸ் மைனர் காரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து டைமிங் (பொறி விடும் நேரம்) வைப்பதும் டியூன்தான். மடிக்கணினியை வயரால் பொருத்தி, புது டபள் கப் வாகனத்தின் கொம்பியூட்டரில் எண்களை மாற்றும் ‘ரீமாப்’ வேலையும் டியூன்தான். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். முதலாவது, தயாரித்தவர் சொன்ன அளவுக்கு எஞ்சினைத் திரும்பக் கொண்டுவருவது. இரண்டாவது, தயாரித்தவர் சொன்ன அளவை விட்டு எஞ்சினை விலக்கிக் கொண்டுபோவது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வொரன்டி விஷயத்தில் ஆட்கள் வீணாக மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டியூன் இசையிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் ‘டோன்’ என்பதன் திரிபு அது. பிரெஞ்சு, லத்தீன் வழியே பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தின் ‘டோனோஸ்’ வரும். டோனோஸ் என்றால் இழுவை, இறுக்கம். நரம்பை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தானே சுரம் அமைகிறது! தமிழிலும் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. பாட எடுத்த பண்ணுக்கு ஏற்றபடி யாழ் நரம்புகளை வீக்கி நிறுத்துவதற்குப் ‘பண்ணல்’ என்று பெயர். சிலப்பதிகாரத்துக் கானல்வரி, யாழில் செய்யும் எட்டு வேலைகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது இதைத்தான். தேரைப் பூட்டி ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதற்கும் பழந்தமிழில் அதே வினைச்சொல். ஆக, ‘டியூன் பண்ணுறது’ என்று சொல்லும்போது துணைக்கு வருகிற ‘பண்ணு’ ஒரு காலத்தில் யாழுக்கும் தேருக்கும் தனியாகவே அந்த வேலையைச் செய்த சொல். வாகனம் பற்றிய பேச்சில் அது திரும்பவும் வந்து சேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கார்களில் முதலில் வந்தது ‘டியூன்-அப்’. பொயின்ற் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து விடும் தொடுமுனை) இடைவெளி, பிளக் இடைவெளி, டபட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி, கபரேற்றரில் காற்றும் பெற்றோலும் கலக்கும் விகிதம் என எல்லாம் ஓட ஓடத் தேய்ந்து விலகும். எந்த இடைவெளி எத்தனை என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும். மெக்கானிக் அந்த அளவுக்கு எல்லாவற்றையும் திருப்பி வைப்பார். இசையில் சொல்லும் பொருளும் இதுவேதான்: குலைந்த சுருதியைத் திரும்பச் சேர்ப்பது.

1967இல் போஷ் நிறுவனம் ‘டி-ஜெட்ரோனிக்’ என்ற மின்னணு எரிபொருள் தெளிப்பு முறையைக் கொண்டுவந்தது. முதலில் அது போக்ஸ்வாகன் கார்களில் வந்தது. 1979இல் அதே போஷின் ‘மோட்ரோனிக்’ வந்தபோது எரிபொருள் தெளிப்பும் தீப்பொறி நேரமும் ஒரே பெட்டிக்குள் போயின. அந்த வழியில் வந்ததுதான் இன்று நாம் ஈசியூ என்கிற பெட்டி. ஊர்ப் பேச்சில் ‘கொம்பியூட்டர்’, எழுத்தில் ‘இயந்திரக் கட்டுப்பாட்டு அலகு’. திருகாணியைத் திருப்பி அளவு வைத்த காலம் அத்தோடு ஒவ்வொரு வாகனமாக முடிந்துபோனது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு நிரலும் அது பார்த்துப் பார்த்து வேலை செய்யும் அட்டவணைகளும் இருக்கின்றன. பள்ளியில் படித்த பெருக்கல் வாய்ப்பாட்டுக் கட்டம் மாதிரித்தான். மேல் வரிசையில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. இடப்பக்கத்தில் எஞ்சின் மேல் எவ்வளவு சுமை என்பது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். உதாரணத்துக்கு, 2,000 சுற்று, முக்கால் சுமை என்ற கட்டத்தில் 12 என்று இருந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 12 பாகை முன்னதாகப் பிளக் பொறி விட வேண்டும் என்று பொருள். எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) எவ்வளவு அழுத்தம் தரலாம், கியர்பெட்டிக்கு அதிகபட்சம் எவ்வளவு முறுக்குவிசை அனுப்பலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை. இந்த அட்டவணைக்குத்தான் ‘மேப்’ என்று பெயர். முப்பரிமாணத்தில் வரைந்து பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஒரு நிலப்படம் போலவே தெரியும். மேப் என்பதன் வேர் லத்தீனின் ‘மப்பா’, அதாவது துணி.

ரீமாப் செய்பவர் செய்வது இதுதான். அட்டவணையில் சில கட்டங்களைத் தெரிவுசெய்து 12 இருந்த இடத்தில் 15 என்று எழுதுகிறார். டீசலென்றால் தெளிக்கும் அளவையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டி, முறுக்குவிசைக்குப் போட்டிருந்த வரம்பைத் தளர்த்துகிறார். நிரல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எண்கள்தான் மாறும். ஆகவே இதை ‘மீள்நிரலாக்கம்’ என்று எழுதுவது சரியில்லை என்பது என் எண்ணம். ‘மீள்வரைபடமாக்கம்’ என்றால் யாருக்கும் புரியாது, நில அளவைத் திணைக்களம் நினைவுக்கு வரும்.

‘சிப் போடுறது’ என்ற வழக்கு 1980களின் மிச்சம். அப்போது அட்டவணைகள் ஒரு நினைவகச் சில்லுக்குள் இருந்தன. பெட்டியைத் திறந்து அந்தச் சில்லைக் கழற்றி, வேறு எண்கள் எழுதிய சில்லைச் செருகினார்கள். இப்போது யாரும் சில்லைத் தொடுவதில்லை, பெயர் மட்டும் நிற்கிறது. ‘பிளாஷ் அடிக்கிறது’ என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1980களில் ரொஷிபா நிறுவனத்தில் உருவான ஒரு நினைவகம், முழுத் தொகுதியையும் ஒரே வீச்சில் அழிக்கக்கூடியது. கமராவின் பிளாஷ் மின்னி மறைவதுபோல அழிகிறதே என்று ஒருவர் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான பரிசோதனைத் துளை கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தத் துளையின் வழியாகவே இன்று பல வாகனங்களில் புதிய எண்களை ஏற்றிவிடலாம். இன்னொரு வகை, வெளியே பொருத்தும் ‘டியூனிங் பெட்டி’. அது ஈசியூவுக்குள் எதையும் எழுதாது. சென்சரிலிருந்து வரும் தகவலை நடுவில் மறித்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகக் காட்டும். ஈசியூவும் அதை நம்பி இன்னும் கூட்டும்.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். டர்போ டீசல் வாகனத்தில் மாற்றம் நன்றாகவே தெரியும், கந்தளாய்ப் பக்கம் லொறியை முந்தும்போது காலில் உணரலாம். டர்போ இல்லாத சிறிய பெற்றோல் காரில் கிடைப்பது சொற்பம், அதற்குக் காசு கொடுப்பது வீண். ஆனால் எண்களை யார், எந்த எரிபொருளுக்கு, எந்த வெப்பநிலைக்கு எழுதினார் என்பது முக்கியம். ஒக்டேன் எண் கூடக் கூடப் பெற்றோல் தானாக வெடிப்பது குறையும். ஐரோப்பாவில் 98 ஒக்டேன் பெற்றோலுக்கு எழுதிய கோப்பை இணையத்தில் வாங்கி, இங்கே 92 அடிக்கும் காரில் ஏற்றினால் என்ன நடக்கும்? பொறி விழுந்த பின் தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிக்கும். ‘நொக்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான், காதில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். நொக் சென்சர் பொறி நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் நம் ஊர்ச் சூடு சொல்லத் தேவையில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றே சூடாக இருக்கும்போது நொக் இன்னும் எளிதாக வரும். தயாரித்தவர் விட்டுவைத்த இடைவெளி இப்படியான நாட்களுக்குத்தான். ரீமாப் தின்பது அந்த இடைவெளியை.

இனி வொரன்டி. பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வட பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. ‘கரன்டி’ (guarantee) என்பதும் அதே சொல்தான், பிரான்சின் வேறு பகுதியில் ‘வ’ ஒலி ‘க’ ஆனதால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தமிழில் நாம் ‘உத்தரவாதம்’ என்கிறோம். வடமொழிச் சொல்தான். உத்தரம் என்றால் பதில், வாதம் என்றால் சொல்வது. உத்தரவாதி என்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ‘பொறுப்புறுதி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், நல்ல சொல். ஆனால் உத்தரவாதம் என்பதற்குள் இருக்கும் அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது: பழுது வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

தயாரித்தவர் தான் எழுதிய எண்களுக்குப் பதில் சொல்வார். வேறொருவர் எழுதிய எண்களுக்குச் சொல்ல மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஏஜென்டிடம் வாங்கிய வாகனத்தில் டர்போ போய், வொரன்டியில் மாற்றித் தரக் கேட்டுப் போனபோது நடந்தது இதுதான். “கொம்பியூட்டரில வேலை செஞ்சிருக்கு” என்றார்கள். “டியூன் மட்டுந்தான் அண்ணே செஞ்சனான், ஒரு சாமானும் மாத்தேல்ல” என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. டியூன் என்றால் பராமரிப்பு என்றுதான் நினைத்திருந்தார். அந்தச் சொல் அவரை அப்படி நினைக்க வைத்தது.

பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியவராது என்று சொல்வதையும் நம்பக்கூடாது. பல ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்று கணக்கு வைத்திருக்கும். அட்டவணைகளின் மொத்தத்திலிருந்து கணித்த சரிபார்ப்பு எண் ஒன்றும் இருக்கும். பழைய கோப்பைத் திரும்ப ஏற்றும்வரை, ஒரு கட்டம் மாறியிருந்தாலும் அந்த எண் வேறாகவே இருக்கும். போக்ஸ்வாகன், அவுடி வாகனங்களில் இப்படி மாற்றம் பிடிபட்டால் நிறுவனத்தின் பதிவில் ‘டிடி1’ என்ற குறி விழும், பிறகு எந்த ஏஜென்டிடம் கொண்டுபோனாலும் அது திரையில் தெரியும். டியூனிங் பெட்டி சுவடே விடாது என்பதும் முழு உண்மையல்ல. பழுது விழுந்த கணத்தில் அழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று ஈசியூ குறித்து வைத்திருக்கும், அந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதிருப்பதே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: சர்வீசுக்கு விட்ட இடத்தில் நிறுவனம் தன்னுடைய புதிய மென்பொருளை ஏற்றினால் காசு கொடுத்துச் செய்த ரீமாப் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகும்.

அதற்காக ரீமாப் செய்தால் முழு வொரன்டியும் போய்விடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 1975இல் வந்த மக்னுசன்-மொஸ் சட்டம், வெளியார் பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க விடாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். இணையத்தில் படிக்கும் நியாயங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான், அது இங்கே செல்லாது. இலங்கையில் கையில் இருக்கும் வொரன்டிப் புத்தகத்தின் வாசகம்தான் முதல் ஆதாரம். சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். பவர் கண்ணாடி இறங்காததற்கு ரீமாப்பைக் காரணம் காட்டினால் விடாமல் வாதாடுங்கள். டர்போ, கிளட்ச், கியர்பெட்டி, பிஸ்டன் என்றால் வழக்கு பலவீனம், ஏனென்றால் கூட்டிய முறுக்குவிசை போய்ச் சேரும் இடங்கள் அவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டீசல் வாகனமென்றால் வருடாந்தப் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது, அளவுக்கு மீறித் தெளித்த டீசல் அங்கே கரும்புகையாக வெளிவரும்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? டியூன்-அப் வேலைக்குச் ‘சீர்செய்தல்’ போதும், கொஞ்சம் அழகாக வேண்டுமென்றால் ‘இசைவாக்கல்’. ரீமாப்புக்கு ‘அளவு மாற்றம்’ என்பதே என் தெரிவு. எஞ்சின் அளவு மாற்றம் என்று சொன்னால், முன்பிருந்த அளவு இப்போது இல்லை என்பது கேட்பவருக்கு உடனே விளங்கும். ‘ஆப்டர்மார்க்கெட்’ என்பதைப் பின்சந்தை என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது சொல்லுக்குச் சொல். நமக்கு ‘வெளியார்’ இருக்கிறது: வெளியார் பாகம், வெளியார் அளவு மாற்றம். ஈசியூவுக்குக் கட்டுப்பாட்டு அலகு என்பது பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. கராஜில் கொம்பியூட்டர் என்றே இருக்கட்டும்.

நம் ஊரில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஓடி முடித்து ரீகண்டிஷனாக வந்தவை. அவற்றுக்குத் தயாரித்தவரின் வொரன்டி இங்கே ஏற்கெனவே இல்லை. அதனால் இழக்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். பதில் சொல்ல ஆளில்லாத எஞ்சினில்தான் இன்னும் கவனம் வேண்டும். ரீமாப் செய்கிறவரிடம் பற்றுச்சீட்டில் ‘டியூன்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த அளவுகளை எவ்வளவு மாற்றினார், எந்த ஒக்டேனுக்கு எழுதினார், எஞ்சின் பழுதானால் எத்தனை மாதம் வரை அவர் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த மூலக் கோப்பின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வாகனப் புத்தகத்தோடு வையுங்கள்.