தன்னுருவ ஓவியம்: சொல் விளக்கம்

ஓவியர் ஒருவர் தம்மையே பொருளாகக் கொண்டு வரையும் படைப்பு தன்னுருவ ஓவியம் எனப்படும். ஆங்கிலத்தில் இதனைச் ‘செல்ஃப் போர்ட்ரெயிட்’ என்பர். இதிலுள்ள ‘போர்ட்ரெயிட்’ என்னும் சொல், வெளியே இழுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் சுயசித்திரம், சுய உருவப்படம், தற்படம் ஆகியனவும் வழங்குகின்றன. ஆயினும், தற்படம் என்பது இன்று கைப்பேசியில் எடுக்கும் செல்ஃபியையே பெரிதும் குறிப்பதால், தூரிகையால் வரைந்ததற்குத் தன்னுருவ ஓவியம் என்பதே பொருந்தும். தனிக்குறிலை அடுத்து நின்ற ஒற்று, உயிர் வரும்போது இரட்டிக்கும் விதிப்படி, ‘தன்’ என்பதும் ‘உருவம்’ என்பதும் சேர்ந்து தன்னுருவம் ஆயின. ஓவியத்தைக் குறிக்கும் ‘ஓவம்’ என்னும் பழஞ்சொல், ‘ஓவத்தன்ன இடனுடை வரைப்பின்’ என்று புறநானூற்றிலேயே வந்துள்ளது.

முகம் என்னாமல் உருவம் என்பதில்தான் இச்சொல்லின் வலிமை இருக்கிறது. உருவம் முழு மேனியையும் தழுவும். இதன் தேவையை மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் (1907–1954) படைப்புகளைப் போல் உணர்த்துவன வேறில்லை என்பேன். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் மெலிந்த அவர், 1925 செப்டம்பரில் நேர்ந்த பேருந்து விபத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்து படுக்கையில் கிடந்தார். படுத்தபடியே வரைவதற்கென அவருடைய தாயார் தனிச் சட்டகம் செய்வித்தார். கட்டிலின் மேற்கட்டியில் கண்ணாடி பொருத்தப்பட்டது. கண்ணெதிரே எப்போதும் இருந்த உருவம் அவருடையதே. அதையே வரையத் தொடங்கினார்.

1944இல் வரைந்த ‘முறிந்த தூண்’ ஓவியத்தில் கழுத்து முதல் இடுப்பு வரை உடல் பிளந்து, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பல இடங்களில் விண்டுபோன கற்றூண் ஒன்று நிற்கிறது. உடலை வார்க்கச்சை இறுக்கிப் பிடித்திருக்க, முகத்திலும் மேனியிலும் ஆணிகள் தைத்துள்ளன. கண்ணீர் வழிந்தாலும் முகம் கோணவில்லை; பார்வை நேராக நம்மையே நோக்குகிறது. வலியை முகபாவத்தால் சொல்லாமல் உடலின் கட்டமைப்பையே மாற்றி வரைந்து சொன்னதுதான் அவரது தனித்திறம்.

காதலையும் பிரிவையும் அவ்வாறே வரைந்தார். சுவரோவியர் தியேகோ ரிவேராவை 1929இல் மணந்த அவர், 1939இல் மணவிலக்குப் பெற்று, அடுத்த ஆண்டே அவரை மீண்டும் மணந்தார். பிரிந்த ஆண்டில் உருவான ‘இரண்டு ஃப்ரிடாக்கள்’ ஓவியத்தில் ‘தன்’ என்பதே இரண்டாகிவிடுகிறது. தெவானா எனப்படும் மெக்சிகோ மரபுடை அணிந்தவள் தியேகோவின் குழந்தைப் பருவப் படத்தைக் கையில் வைத்திருக்கிறாள். அதிலிருந்து கிளம்பும் இரத்தக்குழாய் அவள் இதயத்தைத் தொட்டு, வெள்ளை ஐரோப்பிய உடை அணிந்தவளின் திறந்த இதயத்துக்குச் செல்கிறது. அக்குழாயின் அறுந்த முனையை வெள்ளுடையாள் அறுவை இடுக்கியால் பிடித்தும் குருதி நிற்காமல் பாவாடையில் சொட்டுகிறது. இருவரும் கைகோத்தே அமர்ந்திருக்கிறார்கள். 1940இல் வரைந்த முள்மாலை ஓவியத்திலோ, மெக்சிகோ நாட்டார் வழக்கில் காதல் கைகூட உதவும் என நம்பப்பட்ட ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு), கழுத்தைக் கிழிக்கும் முள்மாலையில் உயிரற்றுத் தொங்குகிறது.

முகமே இடம்பெறாத ஓவியத்தையும் இச்சொல்லால் குறிக்கலாமா என்பது நியாயமான ஐயம். 1938இல் வரைந்த ‘தண்ணீர் எனக்குத் தந்தது’ ஓவியத்தில் குளியல் தொட்டி நீருக்கு மேல் காலோவின் கால்விரல்கள் மட்டுமே தெரிகின்றன; வலக்காலில் குருதி கசியும் வெடிப்பு இருக்கிறது; நீரில் பெற்றோரின் உருவங்களும் மரபுடையும் பிற காட்சிகளும் மிதக்கின்றன. குளிப்பவர் தம்மை எப்படிக் காண்பாரோ அப்படியே வரைந்தது அது. ஆகவே அதனையும் தன்னுருவ ஓவியம் என்று வகைப்படுத்துவதே முறை.