கடற்படை ஆர்டர்: தொகையைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

கடற்படைக்கு ஆயிரக்கணக்கான கோடியில் புதுக் கப்பல்கள் என்று செய்தி வந்தால் போதும், ஐடிஐ முடித்த பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து எனக்கு போன் வரும். கப்பல் கட்டும் யார்டில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பார்கள். வெல்டிங் தர ஆய்வு என் தொழில். எடுப்பார்கள், ஆனால் இப்போதே இல்லை என்பதுதான் என் பதில்.

நீர்மூழ்கிகளை வேட்டையாடும் ஐஎன்எஸ் அர்னாலா கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவின் கார்டன் ரீச் யார்டுக்கு 2019 ஏப்ரலில் கிடைத்த எட்டுக் கப்பல் ஆர்டரில் முதலாவது. அந்த யார்டு எல் அண்ட் டியோடு கூட்டு வைத்ததால், நம் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி யார்டில் உருவாகி, 2022 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியது. கடற்படையில் சேர்ந்தது 2025 ஜூனில். மொத்தம் ஆறு வருடம். அதற்காக ஒரு வெல்டருக்கு அதில் ஆறு வருட வேலை இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கப்பலின் உடல் எழும்பும்வரைதான் வெல்டரும் ஃபிட்டரும் பெருமளவில் தேவைப்படுவார்கள். அப்புறம் பைப், கேபிள், பெயின்ட் ஆட்களின் முறை. அடுத்த கப்பலுக்கு அதற்குள் பிளேட், அதாவது எஃகுத் தகடு, வந்து இறங்காவிட்டால் அந்த இடைவெளியில் வெல்டர் பெட்டியைக் கட்டிவிடுவார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நல்ல கைக்கு எப்போதும் வேலை உண்டு.

போனால் வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்துக்காக ஹைதராபாத்தின் டிஎம்ஆர்எல் என்ற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வகமும் அரசு எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து டிஎம்ஆர் 249 என்ற எஃகை உருவாக்கின. இதுபோன்ற உறுதியான எஃகுக்கு ஈரம்தான் எதிரி. வெல்டிங் ராடில் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தாலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வெல்டு பார்க்க அழகாகவே இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால் ராடை ஓவனில் காயவைத்து, சூடு ஆறாத பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத்தான் வேலை செய்யவேண்டும். இந்தப் பழக்கம் கையில் ஊற வருடங்கள் ஆகும். ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தாலே அதற்கான தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி டெஸ்ட் பிளேட் போட்டுத் தேறவேண்டும்.

அரசு கொள்முதலில் ஒரு வருடத் தாமதம் என்பது கோப்பில் ஒரு தேதி மாற்றம்தான். யார்டில் அது ஒரு தலைமுறைத் திறமை கலைந்துபோவது. கண்ணிவெடி அகற்றும் கப்பல்களின் கதையைப் பாருங்கள். கோவா ஷிப்யார்டில் பன்னிரண்டு கட்டுவதாக இருந்த திட்டம், தென்கொரிய நிறுவனத்துடன் பேச்சு முறிந்து 2018இல் கைவிடப்பட்டது. அடுத்த வருடமே கடற்படையின் கடைசிக் கண்ணிவெடி அகற்றும் கப்பலான ஐஎன்எஸ் கோழிக்கோடும் ஓய்வுபெற்றது. வேலையும் போனது, கப்பலும் இல்லை. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை என்பது என் வருத்தம்.

ஆகவே, ஒரு யார்டில் சேருமுன் கையிலிருக்கும் ஆர்டரில் எத்தனை கப்பல் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாகத்தான் சேர்ப்பார்கள். பிஎஃப் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைக்காரர்கள் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வெல்டர் தம்பிகளே, தகுதித் தேர்வில் தேறிய அன்றே சான்றிதழின் நகலை வாங்கிவிடுங்கள். எந்தெந்த முறையில் எப்போது வேலை செய்தீர்கள் என்ற பதிவிலும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். யார்டு மாறும்போது உங்களிடம் கேட்பது அதைத்தான்.