ஆரஞ்சு மரத்துக்குக் காவல் இருக்கும் வைரஸ்

1930களின் இறுதியில் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஆரஞ்சு மரங்கள் தோப்பு தோப்பாகப் பட்டுப்போகத் தொடங்கின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல லட்சம் மரங்கள் போய்விட்டன. காரணம் ட்ரிஸ்டெசா என்ற வைரஸ். அதை மரத்துக்கு மரம் கொண்டுபோனது, கொழுந்தில் சாறு உறிஞ்சும் கருநிற அசுவினிப் பூச்சி.

அங்கே ஆரஞ்சை அப்போது புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் வளர்த்தார்கள். வைரஸ் வந்ததும் ஒட்டுக்குக் கீழே, இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் திசு செத்துவிடும். வேர் பட்டினி கிடந்து மரம் காயும். சரி, வேர்ச்செடியை மாற்றினார்கள். மரங்கள் பிழைத்தன, ஆனால் தொல்லை தீரவில்லை. வைரஸின் வீரியமான சில ரகங்களுக்கு வேர்ச்செடி எதுவானாலும் ஒன்றுதான். அவை தாக்கிய, அங்கே வளர்க்கும் பேரா என்ற ரக ஆரஞ்சுக் கிளையின் பட்டையை உரித்தால், வழவழப்பாக இருக்கவேண்டிய கட்டையில் நீளநீளமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த மரத்தில் பழம் சிறுத்துப்போகும்.

கம்பீனாஸ் வேளாண் ஆய்வு நிலையத்தின் முல்லரும் கோஸ்டாவும் இந்த நேரத்தில் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. நோய் மோசமாக அடித்த தோப்புகளில், சுற்றிலும் எல்லாம் நலிந்து நிற்க, செழிப்பாக நின்ற ஒன்றிரண்டு மரங்களைத் தேடினார்கள். அவற்றிலும் வைரஸ் இருந்தது. ஆனால் அது மரத்தை அதிகம் வாட்டாத, மிதமான ரகம். அது உள்ளே இருந்தால் வீரிய ரகம் அண்டாது என்ற எண்ணத்தில், அந்த வைரஸை ஒட்டு மூலம் புதுக் கன்றுகளுக்கு ஏற்றி, அசுவினி நடமாடும் திறந்த வயலில் விட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். தேறிய மரங்களின் மொட்டுகள் நாற்றங்கால்களுக்குப் போயின. பிறகு பிரேசிலில் கோடிக்கணக்கான பேரா மரங்கள் இப்படி வைரஸோடுதான் நடப்பட்டன.

மிதமான ரகம் வீரிய ரகத்தைத் தடுக்கும் என்பதை 1929லேயே புகையிலைச் செடியில் மெக்கின்னி என்ற ஆய்வாளர் கண்டிருந்தார். இது எப்படி நடக்கிறது? செடிக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. ட்ரிஸ்டெசா ஆர்.என்.ஏ. வைரஸ், அதாவது அதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில் இருக்கிறது. அது பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செடி துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் 21 முதல் 24 எழுத்து நீளம். அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே வரிசையுள்ள ஆர்.என்.ஏ. எது வந்தாலும் நறுக்கிப்போடும். இது ஒரு வழி. இன்னொன்று, முதலில் வந்த வைரஸே பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல இடம்பிடித்துக்கொள்வது. ட்ரிஸ்டெசாவில் இதற்கு பி33 என்ற புரதம் வேண்டும் என்று புளோரிடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் புரதம் இல்லாத வைரஸால் அடுத்து வருவதைத் தடுக்க முடியவில்லை.

எந்த வழியானாலும் நெருங்கிய உறவுள்ள ரகத்தைத்தான் தடுக்கும். கொஞ்சம் விலகிய ரகம் தாராளமாக உள்ளே வரும். அதனால் ஓர் ஊரில் பலித்த காவல் வைரஸை அப்படியே வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தந்த மண்ணில், அந்தந்தப் பழ ரகத்திலேயே தேடிப் பிடிக்கவேண்டும். ஒரு பயிரில் சாதுவாக இருப்பது இன்னொன்றில் மோசமாகலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

பப்பாளியில் இந்த இரண்டு சிக்கலும் தெரிந்தன. ஹவாயில் எடுத்த வளையப்புள்ளி வைரஸை நைட்ரஸ் அமிலத்தால் மாற்றி, எச்.ஏ. 5-1 என்ற மிதமான ரகத்தை யே, கொன்சால்வஸ் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 1984இல் அதை வெளியிட்டார்கள். தைவான் வயல்களில் அது ஓரளவுதான் காத்தது. நோய் சூழ்ந்த இடத்தில் நட்ட கன்றுகளில் காவல் உடைந்தது. ஹவாயின் சில பப்பாளி ரகங்களில் இந்த மிதமான வைரஸே அறிகுறிகளைக் காட்டியது. அப்புறம் ஆய்வாளர்கள் முழு வைரஸை விட்டுவிட்டு, எச்.ஏ. 5-1இன் மேலுறைப் புரதத்தை (வைரஸின் வெளி ஓட்டை) உருவாக்கும் மரபணுவை மட்டும் எடுத்துப் பப்பாளிக்குள் வைத்தார்கள். 1998இல் ஹவாய் விவசாயிகளின் கைக்கு வந்த ரெயின்போ பப்பாளியில் இருப்பது அந்த மரபணுதான்.